ஹோப் காலேஜில் காலேஜ் எங்கே? கோவை பஸ் ஸ்டாப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள்

#1 நொய்யல்கரை

அவிநாசி ரோடு மேம்பாலத்தில் உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கினால் 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபரில் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். நேரம் மிச்சமாகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மேலே போகிறவனுக்கு லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஒரு பெயரும் காதில் விழாது.

இந்தப் பெயர்களில் பாதி, இப்போது அங்கே இல்லாத ஒன்றின் பெயர். இந்த ஊரின் வரலாற்றை யாரும் ஒழுங்காகக் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை, டவுன் பஸ் ஸ்டாப்பில்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். தெரிந்த ஸ்டாப்பைப் பற்றி, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆளைப் பற்றி, நிறுவனத்தைப் பற்றி எழுதுங்கள். தலபுராணம் வேண்டாம். 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று தொடங்கும் பதிவும் வேண்டாம், அதைப் பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு எழுதிவிட்டோம்.

ஹோப் காலேஜை நான் எடுத்துக்கொள்கிறேன். சர் ஆர்தர் ஹோப் 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண கவர்னர். 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அவர் பெயரை வைத்து ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்றார்கள். முன்னின்று தொடங்கியவரும் முதல் பிரின்சிபாலாக உட்கார்ந்தவரும் ஜி.டி. நாயுடு. அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை, விலகிவிட்டார். 1950-ல் கல்லூரியும் தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கு நாம் ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்கிறோமே, அதுதான்.

ஆக, கவர்னர் பெயரைக் கழற்றிப்போட்ட கல்லூரி அங்கே இருக்கிறது, கல்லூரி இல்லாத கவர்னர் பெயர் இங்கே இருக்கிறது. தொடங்கியவர் பெயர் எண்பது வருஷம் கழித்து அதே ஸ்டாப்புக்கு மேலே, பாலத்தில் வந்திருக்கிறது.

#2 வைகை வாசல்

மதுரைக்காரன் ஒருத்தன் உள்ளே வரலாமா? எங்க ஊர்ல எதைத் தொட்டாலும் பாண்டியன், நாயக்கர்னு போயிரும். உங்க ஊர்ல எல்லாம் மில்லு, காலேஜு, கம்பெனியா இருக்கு. வேலை கிடைச்சு வந்த புதுசுல ஹோப் காலேஜ்ல இறங்கி, காலேஜ் எந்தப் பக்கம்னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். "எந்த காலேஜுக்குப் போகோணுங்?"னு அவர் திருப்பிக் கேட்டார். அந்த ரோட்டுல ஒரு டஜன் காலேஜ் இருக்கும் போல.

#3 உக்கடம் எக்ஸ்பிரஸ்

ஹோப் பற்றிய மீதிக் கதையையும் போடுங்கள் நொய்யல்கரை. பந்தயக் கடனில் மாட்டிக்கொண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துப் பணத்தில் கைவைத்தார் என்ற விவகாரத்தில்தான் அவர் பதவியை விட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தது. அப்போது வெளியே சொன்ன காரணம் உடல்நலம். அந்த மனுஷன் பெயரைத்தான் தினமும் ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கும்போது சொல்கிறோம்.

#4 ரிட்டயர்டு பிட்டர்

ஏனுங்க, லட்சுமி மில்ஸ் பத்தி நான் சொல்றனுங்க. பாப்பநாயக்கன்பாளையத்துல ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல ஆரம்பிச்சது. அவரு பேருல 1952-ல வந்ததுதான் ஜி.கே.என்.எம். ஆஸ்பத்திரி. இப்ப மில்லு இருந்த எடத்துல கடைகளும் ஓட்டலுமா இருக்குது. பேரப்பசங்க கூட்டிட்டுப் போனாங்க. காப்பி நல்லாத்தான் இருந்துச்சு, வெலையைப் பாத்துட்டு வாயைத் தொறக்காம வந்துட்டேன்.

நான் வேலை பாத்தது வேற மில்லுங்க, பேரு வேண்டாம். எந்த மில்லுன்னாலும் உள்ள ஒரே மாதிரிதான். ப்ளோரூம்ல பஞ்சை உதறி, கார்டிங்ல சீவி, ஸ்பீடு பிரேம்ல திரியாக்கி, ரிங் பிரேம்ல நூலாக்கறது. ரிங் பிரேம்ல பாபின் நெறஞ்சதும் மிசினை நிறுத்தி நெறஞ்சதைக் கழட்டிக் காலியை மாட்டறதுக்கு டாபிங்னு பேரு. நாலஞ்சு பேரு ஒரே ஓட்டமா ஓடுவாங்க. நடுவுல எழை அறுந்தா, ஓடற மிசின்லயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு ஒரு திருகு, ஒட்டிக்கும். புதுசா வந்தவனுக்கு விரல் சிவந்து போகும். சிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா புருவத்துல, காது மடல்ல எல்லாம் பஞ்சு. ரோட்டுல போறவங்களுக்கு இவன் மில்லுக்காரன்னு தூரத்துலயே தெரியும். அதனால பதலி ஆளுங்க, வராதவனுக்குப் பதிலா வர்ற தற்காலிக ஆளுங்க கூட வேணும்னே பஞ்சைத் தட்டாம ஊட்டுக்குப் போவாங்க. மில்லு வேலைன்னா அப்ப பொண்ணு கெடைக்கும்ங்க!

#5 அச்சுக்கோப்பு

பிட்டர் அண்ணா சொன்ன லட்சுமி மில்லுக்கும் முன்னால் ஒன்று உண்டு. 1888-ல் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். ஊர் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1858-ல் பதினேழு வயதில் இங்கே வந்தவர். முதலில் காபிக்கொட்டையைப் பதப்படுத்தி அனுப்புகிற தொழில். 1862-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார், ஸ்டேன்ஸ் ஸ்கூல் என்று இன்றும் நடக்கிறது. 1936-ல் இறந்தார். தொண்ணூற்றைந்து வயது வாழ்ந்த மனிதர்.

ஒன்றைக் கவனியுங்கள். 1888-க்கும் 1930-க்கும் இடையில் இங்கே மில்கள் ஏதோ ஒன்றிரண்டாகத்தான் வந்தன. 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கிய பிறகுதான் மழைக்குப் பின் காளான் மாதிரி கிளம்பின. கரிசல் மண் முன்பே இருந்தது, கம்போடியா பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இல்லாமல் இருந்தது கரண்ட் மட்டும். இந்த ஊரை ஆக்கிய ஒரே ஒரு 'ஆளை'ச் சொல் என்றால் நான் பைக்காரா என்றுதான் சொல்வேன். அதன் பெயரில் கோவையில் ஒரு ஸ்டாப் கூட இல்லை.

நவ இந்தியாவையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு தமிழ் நாளிதழ். கோவையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பத்திரிகை நின்று பல வருஷம் ஆகிவிட்டது, ஸ்டாப் நிற்கிறது. பத்திரிகைக்காரனாக எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

#6 மருதமலை மழை

லாலி ரோடு யாரும் எடுக்கலையே, நான் எடுத்துக்கறேன். அங்கே அஞ்சு வருஷம் படிச்சவள்.

சர் ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை சென்னை கவர்னர். (கோவைக்கும் ஆர்தர்களுக்கும் என்ன பொருத்தமோ!) 1868-ல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாத் தொடங்கினதை 1906-ல் கோவைக்குக் கொண்டுவந்தாங்க. அதுதான் வேளாண் கல்லூரி. 1971-ல் பல்கலைக்கழகம் ஆச்சு. அந்தச் செங்கல் கட்டடத்தை சினிமாவில் கோர்ட்டாகவும் அரண்மனையாகவும் பார்த்திருப்பீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது பக்கத்துல இருக்கற கரும்பு இனப்பெருக்கு நிலையம். 1912-ல் தொடங்கினது, சி.ஏ. பார்பர் முதல் ஆள். கோவையை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னா, இங்கே கரும்பு பூக்கும். வட இந்தியாவுல பெரும்பாலும் பூக்காது, பூத்தாலும் விதை பிடிக்காது. நம்ம ஊர்ல நட்டாக் கரணையைத்தானே நடறோம், கரும்புக்கு விதை உண்டுன்னே பல பேருக்குத் தெரியாது. பூங்கொத்துல இருந்து உதிர்ற பஞ்சு மாதிரியான ஒண்ணுதான் விதை. மூச்சு விட்டாப் பறந்துடும். அதைத் தட்டுல பரப்பி, மேலே லேசா எரு தூவி, ஈரம் காயாமப் பாத்துக்கணும். முளைச்சு வரும்போது அறுகம்புல் மாதிரி இருக்கும். அதுல ஆயிரக்கணக்குல வளர்த்து, ஒண்ணு ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை வெட்டிப் போடுவாங்க. பொறுமை இல்லாதவங்களுக்கான வேலை இல்லை.

பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் நம்ம தடிமனான கரும்பை, நாணல் மாதிரி இருக்கற காட்டுக் கரும்போட ஒட்டவெச்சு எடுத்தது கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குப் போச்சு. குளிரும் வறட்சியும் தாங்கினது. அதுக்கப்புறம் வந்த கோ ரகங்கள் வட இந்தியா முழுக்கப் பரவிச்சு. பஞ்சாப், உத்தரப் பிரதேச விவசாயி வாயில இன்னிக்கும் 'கோ' இருக்கு. அந்த 'கோ' நம்ம கோயமுத்தூர்தான்.

#7 வைகை வாசல்

சகோதரி, இது எனக்குப் புதுசு. மில்லுக்காக வந்த ஊர்னு நினைச்சேன், பாதி இந்தியாவுக்குச் சர்க்கரை இங்கேருந்துதான் போயிருக்கு.

#8 உக்கடம் எக்ஸ்பிரஸ்

எல்லாம் சரி. இதுவரை வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள்: கவர்னர், கவர்னர், மில் முதலாளி, வெள்ளைக்கார மில் முதலாளி, விஞ்ஞானி. மில்லில் ஓடியவர்கள் எங்கே? மேம்பாலம் கோல்டுவின்ஸில் இறங்குகிறது. அடுத்து என்ன ஊர்? சின்னியம்பாளையம். அந்தப் பெயரைச் சொன்னால் இப்போது எல்லாருக்கும் மனை விலைதான் ஞாபகம் வருகிறது.

ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். நாலு பேரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள், சங்கத்துக்காரர்கள். ஒரு கொலை வழக்கில் தூக்குத்தண்டனை விதித்து, 1946 ஜனவரி 8 அன்று கோவை சென்ட்ரல் ஜெயிலில் நாலு பேரையும் தூக்கிலிட்டார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் இருபது மாதம் கூட இல்லை. அதே வருஷம் ஸ்டேன்ஸ் மில்லில் துப்பாக்கிச் சூடு, செத்தவர்களில் பெண்களும் உண்டு. அச்சுக்கோப்பு, நீங்கள் 95 வயது வாழ்ந்தவரைச் சொன்னீர்கள், இவர்களை விட்டுவிட்டீர்கள்.

#9 அச்சுக்கோப்பு

விடவில்லை தம்பி, ஸ்டேன்ஸ் ஆரம்பித்த கதையைச் சொன்னேன், அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து நடந்ததை அவர் கணக்கில் எழுதவில்லை. நீங்கள் எழுதியதும் நல்லதுதான்.

ஜெயில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வ.உ.சி.யை 1908 ஜூலையில் அங்கே கொண்டுவந்தார்கள், 1910 டிசம்பர் வரை இருந்தார். செக்கிழுத்தது இங்கேதான். அந்தச் செக்கை ஜெயிலில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத பெயர் ஒன்று உண்டு: சி.கே. சுப்பிரமணிய முதலியார். கோவை வக்கீல். சிறையிலிருந்த வ.உ.சி.க்கும் அவர் குடும்பத்துக்கும் துணையாக இருந்தவர்களில் ஒருவர். ராஜத்துரோகக் கைதிக்கு ஒரு வக்கீல் அப்போது துணை நிற்பதென்றால் தொழிலுக்கே உலை வைத்துக்கொள்கிற காரியம். பிற்பாடு அவர்தான் பெரியபுராணத்துக்கு விரிவான உரை எழுதி, ஏழு பகுதிகளாக வெளியிட்டார். உரையை வைத்து அவரைத் தெரிந்தவர்களுக்குச் சிறைக் கதை தெரியாது, சிறைக் கதை தெரிந்தவர்களுக்கு உரை தெரியாது.

அந்த ஜெயில் நிலத்தில் ஒரு பகுதிதான் இப்போது காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா.

#10 ரிட்டயர்டு பிட்டர்

உக்கடம் தம்பி, சின்னியம்பாளையத்துல வருசா வருசம் ஜனவரி எட்டாந்தேதி கூட்டம் போடுவாங்க, செங்கொடி கட்டுவாங்க. எங்க சங்கத்துலருந்து வேன் வெச்சுப் போவோம். அப்பறம் என்.ஜி. ராமசாமின்னு ஒருத்தர் இருந்தாரு, அவரையும் எழுதுங்க. மில்லுல வேலை செஞ்சவங்களைச் சேத்து சங்கம் கட்டினவரு, 1937-ல சட்டசபைக்குப் போனாரு. 1943-ல சின்ன வயசுலயே போயிட்டாரு. எங்கப்பா அவரு பேரைச் சொல்றப்ப துண்டை எடுத்துக் கையில வெச்சுக்குவாரு.

#11 பெயர் சொல்ல விருப்பமில்லை

பாலத்துக்கு ஜி.டி. நாயுடுன்னு வெச்சாங்க, அதே நேரத்துல தெருப் பேர்ல சாதி கூடாதுன்னு அரசாணை. இது என்ன நியாயம்? இதுக்கு யாராவது

*[பதிவின் எஞ்சிய பகுதியும் அதற்கு வந்த பதினான்கு மறுமொழிகளும் நீக்கப்பட்டன. 'ஜி.டி.' என்று மட்டும் எழுதினால் யாரென்று தெரியாது என்பது ஒரு கட்சி, தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் பதிவாகிவிட்டன. மேற்கொண்டு வசைகளுக்கு அரசியல் பிரிவு இருக்கிறது. – மட்டுறுத்துநர்]*

#12 டூரிங் டாக்கீஸ்

சண்டை ஓய்ந்ததா? வெரைட்டி ஹால் ரோட்டுக்கு வாங்க.

சாமிக்கண்ணு வின்சென்ட், 1883-ல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தா. 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படப் பெட்டியோடு ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தவர், உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். புரொஜெக்டரையும் படச்சுருளையும் விற்றுவிட்டு ஊருக்குப் போகப் பார்த்தார். வின்சென்ட் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் புரட்டி வாங்கிவிட்டார். ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் அது எத்தனை வருஷச் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்க! வேலையை உதறிவிட்டு டெண்ட் அடித்துக்கொண்டு கிளம்பியவர், தென்னிந்தியாவைத் தாண்டியும் படம் காட்டிவிட்டு வந்தார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் ஆரம்பகால நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. பின்னால் அது டிலைட் ஆனது. நம்ம அப்பாக்கள் எல்லாம் அதைப் பழைய படம் போடுகிற தியேட்டர் என்றே தெரிந்து வைத்திருந்தார்கள்.

அடுத்த தலைமுறையில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ. எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படம் 1947-ல் வந்தது, எடுத்தது சென்ட்ரல் ஸ்டூடியோவில். வசனத்துக்காக கருணாநிதி அப்போது சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருந்தார். பிற்காலத்தில் முதலமைச்சர் ஆன இரண்டு பேரும் ஒரே ஸ்டூடியோ வாசலில் டீ குடித்திருப்பார்கள். தமிழ் சினிமா கோடம்பாக்கத்துக்குக் குடிபோகாமல் இங்கேயே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன். நல்லவேளை போனது, டிராபிக் இப்போதே தாங்கவில்லை.

#13 போத்தனூர் ஜங்ஷன்

எல்லாரும் கோவை கோவை என்கிறீர்களே, ரயில் முதலில் வந்தது எங்களுக்கு. 1862-லேயே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டது. கோயமுத்தூர் ஸ்டேஷன் 1873-ல்தான், அதுவும் மேட்டுப்பாளையம் போகிற கிளைப் பாதையில். கேரளா போகிற வண்டிகளில் பல கோவைக்குள் வராமல் போத்தனூர் வழியாகவே போனதற்காக எத்தனை போராட்டம் நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

எங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு கருப்பு நாளும் உண்டு. 1921 நவம்பர், மலபாரில் வெள்ளைக்காரரை எதிர்த்த மாப்பிளா கலகக் கைதிகளைத் திரூரில் சரக்குப் பெட்டியில் அடைத்துப் பூட்டி அனுப்பினார்கள். காற்று போக வழியில்லை. போத்தனூரில் கதவைத் திறந்தபோது பெரும்பாலானவர்கள் மூச்சுமுட்டி இறந்து கிடந்தார்கள். மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கேரளத்தில் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். கதவு திறந்த ஊரில் நாங்கள் பிளாட்பாரத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறோம்.

#14 நொய்யல்கரை

போத்தனூர் ஜங்ஷனுக்கு நன்றி. இது தனி இழைக்கே தகும்.

தண்ணீரைத் தொடாமல் கோவை வரலாறு ஆகாது, அதனால் டவுன்ஹாலும் ஆர்.எஸ். புரமும். டவுன்ஹாலை 1892-ல் கட்டினார்கள், விக்டோரியா ராணியின் பெயரில். முன்னின்றவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தினார், பயண நூல் எழுதினார், பிரம்ம சமாஜத்தில் இருந்தார், ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலும் கை உண்டு. சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பேசத் தொடங்கியவர். அப்போது ஊருக்குக் குளமும் கிணறும்தான். பிளேக் வந்து ஊரைக் காலிபண்ணிக்கொண்டு தோட்டங்களில் குடிசை போட்டுத் தங்கிய காலம் அதற்குச் சற்றுப் பின்னால். பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இங்கே கோயில்கள் இருக்கின்றன. ஒரு கொள்ளைநோயின் இங்கிலீஷ் பெயரைச் சாமிக்கு முன்னொட்டாகப் போட்ட ஊர் வேறு எது?

சிறுவாணி வந்து சேர்ந்தது ஏறக்குறைய 1930-ல், நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் காலத்து முயற்சியில். அவர் பெயர்தான் ஆர்.எஸ். புரம். நரசிம்மலு நாயுடு 1922-லேயே இறந்துவிட்டார், அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

#15 உக்கடம் எக்ஸ்பிரஸ்

யோசனை சொன்னவருக்கு ஒரு ஹால், குழாய் போட்டவருக்கு ஒரு பேட்டையே. நியாயம்தான், குழாயில்தானே தண்ணீர் வரும்.

#16 ரிட்டயர்டு பிட்டர்

பீளமேட்டை உட்டுட்டீங்களே. பி.எஸ்.ஜி.ன்னா பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுங்க. அவருக்கு நாலு பசங்க. 1926-ல சொத்துப் பிரிக்கறப்ப நாலு பங்கு போடலை, அஞ்சு பங்கு போட்டாங்க. அஞ்சாவது பங்கு தருமத்துக்குன்னு எழுதி வெச்சாங்க. ஆர்ட்ஸ் காலேஜ் 1947, டெக் 1951, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அஞ்சாவது பங்குல வந்ததுங்க. எங்கூர்ல அண்ணந்தம்பி ரெண்டு பேரு நாலு செண்டுக்கு வரப்பு வெட்டிக்கறாங்க, அதையும் பாக்கறேன்.

அப்பறம் டெக்ஸ்டூல். கணபதிக்குப் போற வழியில பாலத்துக்கே அந்தப் பேருதான். டி. பாலசுந்தரம் நாயுடு நடத்துனது. அவரும் ஜி.டி. நாயுடுவும் சேந்து 1937-ல கரண்டு மோட்டாரு செஞ்சாங்க. மில்லு மிசினுக்கு ஸ்பேர் எல்லாம் சீமையிலருந்து வரோணும், சண்டைக் காலத்துல கப்பல் நின்னு போச்சு. இங்கயே வார்த்துப் பாருன்னு பவுண்டரிக்காரங்க எறங்குனாங்க. கெணறு வேற ஆழத்துக்குப் போயிட்டே இருக்குது, மோட்டார் வேணும். அப்படித்தான் சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை வந்துச்சு. நான் பிட்டர் வேலை பழகுனதும் அப்படி ஒரு பட்டறையிலதான். மொதல் ஆறு மாசம் அரம் மட்டும்தான் குடுப்பாங்க. இரும்புத் துண்டை ராவி ராவி மட்டம் பண்ணோணும். மூலமட்டத்தை வெச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு மேஸ்திரி. கீழ ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் துண்டு தூரப் போய் விழும்.

#17 வைகை வாசல்

அண்ணே, அப்போ வெட் கிரைண்டரும் இந்தப் பட்டறைக் கூட்டம்தானா? எங்க வீட்டுல இருக்கறது உங்க ஊர் கிரைண்டர்தான்.

#18 ரிட்டயர்டு பிட்டர்

ஆமாங்க. 1955-ல பி. சபாபதின்னு ஒருத்தரு செஞ்சாருங்க. ஆட்டுக்கல்லுல குழவியைச் சுத்தறோம், இதுல கல்லையே மோட்டாருல சுத்த உட்டுட்டாரு. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு இப்ப புவிசார் குறியீடு இருக்குது. இவரு பேருல ஒரு ஸ்டாப் வெச்சா பொம்பளைங்க எல்லாரும் எறங்கிக் கும்பிட்டுட்டுப் போவாங்க.

#19 மருதமலை மழை

ஐயா, பொம்பளைங்க மட்டும்தான் மாவாட்டணுமா? :) ஆம்பளைங்களும் இறங்கிக் கும்பிடட்டும்.

இந்த இழையில 18 பதிவு ஓடியிருக்கு, ஒரு பெண் பேர் கூட வரலை, விக்டோரியா ராணியையும் மாரியம்மனையும் விட்டா. நான் ஒண்ணு சேர்க்கறேன். ஈ.கே. ஜானகி அம்மாள், தலைச்சேரியில் 1897-ல் பிறந்தவர். அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கிட்டு, 1934-ல் நம்ம கரும்பு நிலையத்துக்கு மரபியல் ஆராய்ச்சிக்கு வந்தாங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டவெச்சு அதோட குரோமோசோம்களை எண்ணினாங்க. மைக்ராஸ்கோப்புல வேர்நுனியை நசுக்கி, சாயம் ஏத்தி, கண்ணு வலிக்க எண்ணற வேலை அது. பிராக்டிகல்ல நாங்க ஒரு ஸ்லைடுக்கே அழுதோம். சாதியாலும், பெண்ங்கறதாலும், கல்யாணம் பண்ணிக்காதவங்கறதாலும் அவங்க பட்டதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. 1939 வாக்கில் பிரிட்டனுக்குப் போனாங்க, அங்கே பேர் வாங்கினாங்க. 1977-ல் பத்மஸ்ரீ.

அவங்க வேலை பார்த்த இடத்துக்குப் போற பஸ்ஸுக்கு, அந்த ஊருக்கு ரெண்டு மூணு வருஷ கவர்னரா இருந்தவர் பேர் மாதிரி... சரி, அஞ்சு வருஷம். ஸ்டாப் பேரை மாத்த வேண்டாம். நிலையத்தோட வாசல் ஸ்டாப்புல ஒரு போர்டு வெக்கலாம். ஜானகி அம்மாள் இங்கே வேலை பார்த்தாங்கன்னு ரெண்டு வரி.

#20 அச்சுக்கோப்பு

நல்ல யோசனை. மாநகராட்சிக்கு மனு எழுதுவதானால் வாசகத்தை நான் திருத்தித் தருகிறேன். 'மறைந்த மாமேதை' வகையறாவெல்லாம் இல்லாமல், பெயர், வருஷம், செய்த வேலை. அவ்வளவு போதும்.

#21 உக்கடம் எக்ஸ்பிரஸ்

மனுவில் என் கையெழுத்தும் போடுங்கள். கூடவே கோல்டுவின்ஸ் இறக்கத்தில் அந்த நாலு பேர் பெயரும் ஒரு போர்டில். அதற்கு யார் எழுதுகிறீர்கள்?

#22 ரிட்டயர்டு பிட்டர்

நாலு பேரு போர்டுக்கு சங்கத்துல பேசறனுங்க, ஆளு இருக்குது. அம்மிணி, உங்க போர்டையும் வெச்சுரலாம், கவலை வேண்டாம். ஆனா வெச்ச மக்கா நாளும் கண்டக்டரு "லாலி ரோடெல்லாம் எறங்கு"ன்னுதான் கத்துவான், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

#23 நொய்யல்கரை

மனு வேலையைத் தனிச் செய்தியில் வைத்துக்கொள்வோம், அச்சுக்கோப்புக்கு அனுப்பிவிட்டேன். இங்கே அடுத்தது திருச்சி ரோடு. சுங்கம், ராமநாதபுரம், ஓலம்பஸ், சிங்காநல்லூர். டூரிங் டாக்கீஸ், சென்ட்ரல் ஸ்டூடியோவை விரிவாக எழுதுங்கள். எந்தெந்தத் தளம் எங்கே இருந்தது என்று சிங்காநல்லூர்க்காரர்கள் யாராவது சொல்ல முடிந்தால் நல்லது.